கொத்சு பிடிக்காதவரின் பிளாக்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் மனைவி சொன்னார்:

“நீங்க பிளாக் எழுதறத நிறுத்தினா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.”

“யாருமே படிக்கல. ஃபேஸ்புக்ல ஷேர் பண்ணாலும் ஒரே ஒரு லைக்தான் வருது.”

“அத யாரு போடறதாம்?”

“நீதான். அதெல்லாம் கணக்குல சேராது.”

“ஏன் சேராது? வீட்டுல வாயே தொறக்கமாட்டீங்க. ஆபீஸ்ல உங்களுக்குச் சண்டைன்னு அதுலதான் படிச்சேன். கத்திரிக்கா கொத்சு பிடிக்காதுன்னும் அதுலதான் தெரிஞ்சுது. கல்யாணமானதுலேர்ந்து வாராவாரம் செஞ்சு போட்டிருக்கேன்.”

“ஆசையா செய்யற. உங்கிட்ட எப்படிச் சொல்றது?”

“ஊருக்கே சொன்னீங்களே.”

“ஊரு எங்க படிச்சுது?”

 கணவர் கைப்பேசியை எடுத்துக் குனிந்து வெகுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். சிதம்பரம் நெருங்கும்போது மனைவியின் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் படித்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“பக்கத்துலதான உக்காந்திருக்கேன். இத வாயால சொன்னா என்னவாம்?”

“மொதல்ல லைக் போடு.”