நடுங்குகிற கையால் முள் மாட்ட முடியாது

தலைமை ஏற்றிருக்கும் கடிகாரத் தயாரிப்பாளர் சங்கத் தலைவர் தேவ்கரண் பாய் அவர்களே! பெற்ற தாயைப் பறிகொடுத்துவிட்டு மேடையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் நிமேஷ் பாய் அவர்களே! மோர்பி நகரத்துத் தொழில் அன்பர்களே, வியாபாரப் பெருமக்களே! எல்லாருக்கும் மேலாக, எங்கள் கடிகாரக் கூடத்தின் மேசைகளில் முள் மாட்டி, கண்ணாடி பொருத்தி, இன்று வெள்ளைப் புடவையும் முக்காடுமாக வந்திருக்கும் என் சகோதரிகளே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தல்சுக்கின் கண்ணீர் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. கத்தத்தான் வரும். முக்தாபென்னின் கூடத்தில் மேற்பார்வையாளனாகக் கத்தியே காலம் தள்ளியவன் நான். "தல்சுக் பாய், நீங்க போடுற சத்தத்துல கடிகாரமெல்லாம் முன்னாடி ஓடிடப் போகுது, மெதுவா!" என்பார். இனி என்னை அடக்க யார் இருக்கிறார்கள்? முக்தாபென் காலரியா போய்விட்டார்! சந்தன மாலை போட்ட அந்தப் படத்தைப் பாருங்கள். அதில்கூட யாரையோ கேலி செய்யப் போகிறவர் மாதிரிதானே இருக்கிறார்? எப்படி நம்புவது? எப்படித்தான் நம்புவது?

ஒரு சிறு கூடம் அது. பெரிய தொழிற்சாலைகளுக்கு நடுவில், நாலு யானைக்கு இடையில் நிற்கிற ஆட்டுக்குட்டி போல. ஆனாலும் வெளியூர்க்காரர்கள் வந்து கேட்பார்கள்: "இங்கே வந்த பெண்கள் வேலையை விட்டுப் போவதே இல்லையே, எப்படி? இப்படியொரு பண்பாட்டை எப்படி வளர்த்தீர்கள்?" முக்தாபென் சிரிப்பார். "பண்பாடு கிண்பாடெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. பயந்த கை நடுங்கும். நடுங்குற கையால முள் மாட்ட முடியாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? அவ்வளவுதான்! ஆனால் அதை நடத்திக் காட்டுவது லேசா?

ஆரம்ப நாளில் நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்காக எண்தட்டுகள் அச்சடித்து வந்து இறங்கின. கட்டைப் பிரித்தால், ஏழு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. அடுத்த இடத்தில் இன்னொரு எட்டு! எந்தக் கழுதை இதைப் பார்த்துச் சரி சொன்னது என்று நான் கூரை அதிரக் கத்தினேன். பெண்கள் அத்தனை பேரும் வெலவெலத்துப் போனார்கள். தேநீரைத் தட்டில் ஊற்றி உறிஞ்சிக்கொண்டிருந்த முக்தாபென், தட்டைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூல் மேல் ஏறினார்.

"அந்தக் கழுதை நான்தான் தல்சுக் பாய். மூக்குக் கண்ணாடி போட்டா கிழவியாத் தெரிவேன்னு வெட்கப்பட்டுக்கிட்டு, கண்ணாடி போடாமலே பார்த்துச் சரின்னுட்டேன். எல்லாரும் ஒரு தரம் நல்லாச் சிரிச்சுடுங்க. அப்புறம் என்ன செய்யலாம்னு பார்ப்போம்."

யார் சிரிப்பது? முதலாளியைப் பார்த்து! ஒரு மூலையிலிருந்து ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி? மறுநாள் அந்த மூலைப் பெண்ணே என்னிடம் வந்தாள். "பாய், நேத்து நான் ஒட்டுன கண்ணாடியில பசை பத்தலை. இன்னிக்குக் காலையில பேந்து விழுந்து கெடக்கு." திட்ட வாயைத் திறந்தேன். முதலாளியம்மா தன்னையே கழுதை என்று ஒப்புக்கொண்ட பிறகு, நான் யாரை என்ன சொல்லித் திட்டுவேன்?

அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் வந்தது. தவறு செய்தவர் தானே எழுந்து சொல்ல வேண்டும். சொன்னவரை யாரும் வையக்கூடாது. அந்த மேசைக்காரர்கள் எல்லாரும் எழுந்து வந்து, எங்கே வழுக்கியது என்று சேர்ந்து பார்க்க வேண்டும். "யார் செய்தது?" என்று எவரும் கேட்கக்கூடாது. எழுதி மாட்டிய பலகை எதுவும் இல்லை. பளபளப்பாக ஒன்று செய்து மாட்டலாமே என்று நான் சொன்னபோது, "மாட்டுங்க, அதுக்குப் பின்னால பல்லி குடித்தனம் நடத்தும்" என்றார் முக்தாபென்.

இதற்கு விலையே கொடுக்கவில்லை என்று நினைக்கிறீர்களா? பெரிய வியாபாரி ஒருவர், சரக்கில் கோளாறு கண்டு நேரே வந்தார். "செஞ்சவளை வெளியே அனுப்புங்க. அப்பதான் அடுத்த ஆர்டர்" என்றார். முக்தாபென் அவருக்குக் கடலைமாவுக் காட்டியாவும் பொரித்த மிளகாயும் கொடுத்து உபசரித்தார். "கோளாறைக் கேளுங்க, பிரிச்சுக் காட்டுறேன். ஆளைக் கேட்காதீங்க" என்றார். அவர் காட்டியாவைத் தின்றுவிட்டுப் போனவர்தான், திரும்பவே இல்லை. அந்தக் கோடை முழுக்க எங்கள் மேசைகள் பாதி காலி. ஒரு பெண்ணையும் முக்தாபென் வீட்டுக்கு அனுப்பவில்லை.

அன்பர்களே! இரங்கல் கூட்டம் என்றால் இந்த இடத்தில் ஓர் உறுதிமொழி எடுப்பார்கள். அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று நாமும் எழுந்து சொல்லலாம். எந்தப் பணி? கடிகாரம் செய்வதா? மோர்பியில் அதற்கு ஆளுக்கா பஞ்சம்! நான் பொய்யாக உறுதி எடுக்க மாட்டேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் கோபித்தாலும் சரி.

முக்தாபென்னின் காரியங்கள் முடிந்து கூடத்தைத் திறந்த அன்று, ஒரு கடையிலிருந்து கடிகாரங்கள் திரும்பி வந்தன. நொடிமுள் கண்ணாடியில் தட்டி நின்றுபோயிருந்தது. வழக்கப்படி ஜாக்ருதிபென் எழுந்தார். "நிமேஷ் பாய், என் கை வழியாத்தான் போச்சு. முள்ளை அழுத்துற அச்சு தளர்ந்திருக்கு, நான் கவனிக்கலை" என்றார். மொட்டைத் தலையும் தூங்காத கண்ணுமாக நின்ற நிமேஷ் சொன்னார்: "அப்படின்னா நாளையிலருந்து வராதீங்க."

நான் அவரைக் குறை சொல்லவில்லை. அம்மாவை எரித்துவிட்டு வந்த பிள்ளை. யாரையாவது கோபித்துக்கொள்ள வேண்டும் போலிருந்திருக்கும். ஆனால் ஜாக்ருதி தன் சாப்பாட்டு டப்பாவைத் துணியில் கட்டிக்கொண்டு, சக்டா என்கிற மூன்று சக்கர வண்டி பிடித்து ஊருக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் ஒரு தவறும் நடக்கவில்லை. ஒன்றே ஒன்றுகூட! நிமேஷ் நிம்மதியாக இருக்கிறார். மனிதர்கள் வேலை செய்கிற இடத்தில் தவறே நடக்காமல் இருக்குமா?

முக்தாபென் தன் ஆயுளையே கொட்டிக் கட்டியதை ஒரு வாக்கியத்தில் இடித்துவிட்டோமே! அவர் போனதற்கு ஒரு முறை அழுதேன். இதற்கு இரண்டாம் முறை அழுகிறேன்.

ஜாக்ருதிபென் வந்திருக்கிறார். கடைசி வரிசையில், கம்பத்துக்குப் பக்கத்தில். வேலையிலிருந்து அனுப்பப்பட்டவர் எதற்காக வந்தார்? முக்தாபென்னுக்காக வந்தார். நிமேஷ், மேடை மரியாதையை விட்டுவிட்டுப் பேசுகிறேன். எழுந்திருப்பா. நீ பேச வேண்டாம், மைக் வேண்டாம். அவங்க பக்கத்துல போய் உட்காரு, போதும்.

எழுந்துவிட்டார். தேவ்கரண் பாய், தடுக்காதீர்கள், போகட்டும். சகோதரிகளே, கொஞ்சம் வழி விடுங்கள்.

நிமேஷ் அவரிடம் என்ன சொல்கிறார் என்று இங்கே எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல மாட்டேன். ஜாக்ருதி அவர் தலையில் கை வைக்கிறார். சிதைக்குத் தீ வைத்த நாளில்கூட இந்தப் பிள்ளை இப்படி அழவில்லை.

யாரது, எழுந்து நிற்பது? பெட்டி கட்டும் சாரதாபென்னா? சொல்லுங்கம்மா. சத்தமா, பயப்படாமச் சொல்லுங்க.

"பாய்… இந்த வாரம் கட்டுன பெட்டியிலயும் நொடிமுள் தட்டுது. எங்க மேசை மொத்தத்துக்கும் தெரியும். சொல்ல வாய் வரலை."

கேட்டீர்களா, பெரியோர்களே? நாளை விடிந்தால் வண்டி ஏறப் போகிற பெட்டிகள் அவை!

முக்தாபென், என் தாயே! நான் கத்தப் போவதில்லை. தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும், மௌன அஞ்சலி பிறகு ஆகட்டும். வெள்ளை உடுப்பு அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். ஜாக்ருதிபென், அந்தத் தளர்ந்த அச்சு எதுவென்று முதலில் காட்டுங்கள். மற்றவர்கள் எல்லாரும் கூடத்துக்கு வாருங்கள், பெட்டிகளைப் பிரிப்போம்.