மூத்தவளுக்கு மூன்று நாள்

கஞ்சி ஆறிவிடும், நீதிபதி ஐயா, சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள். வெண்ணெய் வேண்டுமானால் இன்னும் போடுகிறேன்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. நம் அயர்லாந்தில் புருஷன் இரண்டாமவளைக் கூட்டிவந்தால், மூத்தவள் மூன்று நாள் அவளை அடிக்கலாம். உயிர் போகக் கூடாது, அவ்வளவுதான். வந்தவள் பதிலுக்குப் பிறாண்டலாம், மயிரைப் பிடித்து இழுக்கலாம், வாய்க்கு வந்தபடி ஏசலாம். எவ்வளவு பெரிய மனது, இதை வகுத்த உங்களுக்கெல்லாம்.

என் புருஷன் கெல்லாக் கூட்டிவந்த ரோனத்துக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முதல் நாள் கன்னத்தில் அறைந்தேன். மறுநாள் விறகுக்கட்டையை எடுத்தேன். அவள் என்மேல் ஒரு நகம்கூடப் போடவில்லை. கெல்லாக் அடுப்பருகே உட்கார்ந்து ஆட்டுத்தொடையைக் கடித்தபடி வேடிக்கை பார்த்தான்.

"நல்லாப் போடு லசார், அதுக்குத்தான் சட்டமே இருக்கு. கை வலிச்சா நிறுத்திக்கோ," என்றான். பிறகு அவளிடம், "மூணு நாள் பொறுத்துக்கோ புள்ள. அப்புறம் இவ பல்லுப் போன நாய்தான்."

இத்தனை வருடமும் அவன் மாடுகளைக் கறந்து, அவன் பிள்ளைகளைப் பெற்றவள் நான்.

மூன்றாம் நாள் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பொழுது சாய்ந்தாலே நமக்கு அடுத்த நாள் பிறந்துவிடும். ரோனத் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். வீங்கிய உதட்டோடு என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

"அக்கா, பொழுது சாஞ்சிருச்சு. இனிமே நமக்குள்ள சண்டை வேணாமே. உங்களுக்குக் கொஞ்சம் பால் ஊத்தட்டுமா?"

சட்டியை நானே வாங்கிக்கொண்டேன். பால் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அவள் முகத்தில் ஊற்றினேன். இரண்டு கண்ணும் போய்விட்டன.

அவளுடைய அப்பா வழக்குப் போட்டதால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அப்போது வெளிச்சம் இருந்தது, மூன்றாம் நாள் முடியவில்லை, ஆகவே குற்றமில்லை என்று கெல்லாக் சத்தியம் செய்துவிட்டான். மாடு கறக்க அவனுக்கு ஆள் வேண்டுமே. பொழுது சாய்ந்துவிட்டது என்று ரோனத் சொல்கிறாள். அவள் சொல்வதுதான் உண்மை. நானும் அதையே சொல்கிறேன். ஆனால் பெண்ணின் சாட்சி சபையில் செல்லாது என்றும் நீங்கள்தானே வகுத்து வைத்தீர்கள். எங்கள் இரண்டு பேரின் உண்மையையும் அவன் ஒருவனுடைய பொய் விழுங்கிவிடும்.

அந்தப் பெண்மேல் எனக்குத் துளிக் கோபமும் கிடையாது, ஐயா. என் கோபமெல்லாம் கெல்லாக்மேல்தான். சட்டி என் கையில் இருந்தபோது அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், கை நீட்டினால் எட்டும் தூரத்தில்.