பார்போரா முத்தமிடாத ரொட்டி

பேச்சு நீண்டால் மணியடிப்பேன் என்று முன்பே மிரட்டிவிட்டுத் தலைமையேற்றிருக்கும் நூலகத் தலைவர் அவர்களே, மே மாத மழையில் நனைந்து வந்திருக்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளையும் பிள்ளையின் மடியில் புத்தகமுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் கைத்தடியோடு வீற்றிருக்கும் மதிப்புக்குரிய ஸிக்மாஸ் ஐயா அவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இருபது ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குக் கதை எழுதுகிறேன். எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். இன்று நடுங்குவதுபோல் என் முழங்கால்கள் என்றுமே நடுங்கியதில்லை. சிரிக்காதீர்கள், பின்வரிசையில் இருப்பவர்களே. 

இன்று வெளியிடப்படும் என் கதையின் நாயகி பார்போரா. இதோ, மேடையோரத்தில் தாளைக் கசக்கிக்கொண்டு நிற்கிறாளே லுக்னே, பதினோரு வயதுப் பெண், அவளுடைய கொள்ளுப்பாட்டிக்குப் பாட்டி. நம் மண்ணை ஆண்ட ரஷ்ய ஜார் மன்னர், நம் மொழியை நம் எழுத்தில் அச்சிடத் தடை போட்டிருந்த காலம். அரிச்சுவடி வைத்திருந்தால் சிறை, கடத்தினால் சைபீரியா. விட்டோமா? மறைத்து வைத்தோம், மடித்து வைத்தோம், மாட்டுத் தீவனத்துக்குள் புதைத்து வைத்தோம். பால்த்ருஸ் என்ற வண்டிக்காரர் கறுப்பு ரொட்டிகளைக் குடைந்து, அரிச்சுவடிகளை அடைத்து, எல்லை தாண்டிக் கொண்டுவந்தார். குடும்பத்தோடு போவதுபோல் தெரியட்டும் என்று பக்கத்து வீட்டுப் பார்போராவை வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

காவலன் மறித்தான். கூடையைத் துப்பாக்கிக் கட்டையால் தள்ளினான். ஒரு ரொட்டி உருண்டு தரையில் விழுந்தது. விழுந்த ரொட்டியை எடுத்து முத்தமிட்டு வைப்பது நம் வழக்கம். என் நாயகி முத்தமிட்டாள், காவலன் ஏமாந்தான், வண்டி போனது என்று முதலில் எழுதினேன். கைதட்டல் வாங்கக்கூடிய முடிவு அல்லவா? தட்டாதீர்கள் தாய்மார்களே, தயவுசெய்து தட்டாதீர்கள். அது பொய்.

மூன்று மாதத்துக்கு முன் லுக்னே ஒரு பழைய ஜெபப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். பின்னட்டையின் உள்ளே பார்போராவே கிழவியான பிறகு எழுதிய நான்கு வரிகள். ‘ரொட்டியை எடுத்தேன். முத்தமிடவில்லை. உள்ளே இருப்பது ரொட்டி இல்லை என்று எனக்குத் தெரியுமே. அப்போது எனக்கு வயது பதினொன்று.’

அந்தக் காவலன் நம் மண்ணில் பத்து வருடம் இருந்தவன். நம் வீட்டுச் சாப்பாட்டையும் அறிவான், நம் பழக்கத்தையும் அறிவான். முத்தம் எங்கே என்று கேட்டான். கத்தியை எடுத்து ரொட்டியைப் பிளந்தான். பால்த்ருஸ் சைபீரியா போனார். திரும்பி வரவே இல்லை.

பால்த்ருஸின் கொள்ளுப்பேரன் யார்? முன்வரிசையில் இருக்கும் ஸிக்மாஸ் ஐயாதான்.

  இதை மூடி மறைத்துவிடலாம் என்று லுக்னேயின் அப்பா கெஞ்சினார். காட்டிக்கொடுத்தவளின் வம்சம் என்று நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என் பெண்ணைச் சொல்வார்களே என்று கண் கலங்கினார். நானும் தலையாட்டினேன். ஆம், உண்மையை எழுதுகிறேன் என்று இருபது ஆண்டு மார்தட்டிய நான்தான் தலையாட்டினேன். வெட்கத்தோடு சொல்கிறேன்.

ஆனால் இவள் விடவில்லை. என் கதையை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: “அத்த, நீங்க எழுதின பொண்ணு பயப்படவே மாட்டேங்குறா. எனக்கு அவளப் பிடிக்கல. இவ பயந்திருக்கா, தப்புப் பண்ணிருக்கா, அத எழுதியும் வச்சிருக்கா. இவதான் எங்க பாட்டி.”

 கடைசி அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். அதைத்தான் லுக்னே இப்போது வாசிக்கப் போகிறாள். யாருக்கு முன்னால்? பால்த்ருஸின் வீட்டாருக்கு முன்னால். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை இவள். நேற்றே ஐயாவின் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டியது நான். கதவு வரை போய்த் திரும்பி வந்த கோழை நான். வீரம் என்பது நடுங்காத கால்களா? இல்லை. நடுங்கினால் நடுங்கட்டும் என்று ஏறி நிற்கும் கால்கள். அஞ்சியவளின் கதையை அஞ்சி அஞ்சியாவது சொல்ல வந்திருக்கிறாளே, அந்தக் கால்கள்.

ஐயா... எழுந்துவிட்டீர்களே. போகிறீர்களா? வழி விடுங்கள், அவர் விருப்பம். இல்லை, மேடைக்குத்தான் வருகிறார். லுக்னே, என் பக்கத்தில் வந்து நில்.

கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்கிறீர்கள். ஐயா சொல்வதை நானே திருப்பிச் சொல்கிறேன். இவளிடம்தான் கேட்கிறார்: “அப்போ அவளுக்கு உன் வயசுதானா?”

ஆமாம் தாத்தா என்கிறாள்.

ஐயா சொல்கிறார்: “வண்டியில இருந்தவ காட்டிக்கொடுத்துட்டான்னுதான் எங்க வீட்ல சொல்லுவாங்க. பேர் தெரியாது, வயசு தெரியாது. எங்கப்பா சாகுற வரைக்கும் அவளச் சபிச்சாரு, நானும் சபிச்சேன். இத்தன வருஷமா ஒரு குழந்தையவாம்மா நாங்க திட்டிட்டு இருந்தோம்?”

 அவர் இவள் தலையில் கை வைத்திருக்கிறார். கையை எடுக்கவே இல்லை.

தலைவர் அவர்களே, மணியடிக்காமல் கேட்டதற்கு நன்றி. பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் பொறுமைக்கும் நன்றி. இனி பேச எனக்கு உரிமையில்லை. ஐயா, நீங்கள் என் நாற்காலியில் உட்காருங்கள். லுக்னே, தாளை விரி. வணக்கம்.