துரை வீட்டு ஒட்டு மீன்

தண்ணீர் சரியாக அமைந்துவிட்டால் மீன் தானாகவே நிறம் கொடுக்கும், சாமி. இது பலருக்குத் தெரிவதில்லை. தீனியைக் கொட்டுவார்கள், தொட்டியை வெயிலில் தூக்கி வைப்பார்கள், பிறகு மீன் வெளுத்துவிட்டதே என்று புலம்புவார்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் மீன் கதை எதற்கு என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். கோலா சிலாங்கூரிலிருந்து போலீஸ் லோரிக்குப் பின்னாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். எனக்குப் பின்னால் வேறு ஆட்களும் முழந்தாளில் காத்திருக்கிறார்கள். ஆனால் மீனை விட்டுவிட்டுச் சொன்னால் மற்றது விளங்காது. நான் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம்.

எங்கள் தோட்டத்துத் துரை அந்த மீனைச் சிங்கப்பூரில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கித் தகர டின்னில் கொண்டுவந்தார். தென்னமெரிக்காவில் ஏதோ பெரிய ஆற்றில் கிடப்பதாம். வாய் அடிப்பக்கம் இருக்கும். கண்ணாடியிலோ கட்டையிலோ உதட்டை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். அதன் இங்கிலீஷ் பெயர் துரைக்குத்தான் வாயில் நுழையும், நான் ஒட்டு மீன் என்றே சொல்வேன். உடம்பு முழுக்கக் கறுப்பு ஓடு, அதன் மேல் ஆரஞ்சுப் புள்ளிகள். அப்படி ஒரு அழகை இந்தத் தோட்டத்தில் நான் வேறு எதிலும் பார்த்ததில்லை.

துரை நீண்ட லீவில் சீமைக்குப் புறப்பட்டபோது மீனை என்னிடம் ஒப்படைத்தார். சதுப்புக் காட்டிலிருந்து ஓடையில் வருகிறதே, தேயிலைச் சாயம்போல், அந்தப் பழுப்புத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சுண்ணாம்புச் சத்து துளியும் ஆகாது. ஒரேயடியாக மாற்றாமல் கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் ஊற்ற வேண்டும். கடித்துக்கொண்டிருக்க ஒரு கட்டை கிடக்க வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, "உன்னை நம்பித்தான் விட்டுப் போகிறேன், மத்தியாஸ்" என்றார். என் சர்வீஸில் எந்தத் துரையும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. மீன் மேல் எனக்கு உயிர் என்றே ஆகிவிட்டது. தான் கட்டியிருக்கும் சேலை என்ன நிறம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, மீனுக்கு மட்டும் புள்ளி பார்க்கத் தெரிகிறதா என்று என் மனைவி கான்ஸ்டன்ஸ் கேலி செய்வாள்.

துரை போன சில வாரத்தில் மீன் வெளுக்கத் தொடங்கியது. கறுப்பு சாம்பலானது. புள்ளிகள் பழைய மஞ்சள் கறைபோல் மங்கிவிட்டன. எனக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீரில்தான் கோளாறு என்று உடனே தெரிந்துகொண்டேன், காரணமும் கண்ணெதிரேயே இருந்தது.

டோபி சன்னாசி. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாதென்று சர்க்கார் ஆட்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்ட பிறகு ஓடையில் ஒரு துண்டுதான் வேலிக்கு உள்ளே இருக்கிறது. வேலிக்கு வெளியே தண்ணீர் மொள்ளப் போனால் சுட்டுவிடுவார்கள். ஓடை உள்ளே நுழையும் இடத்திலேயே சன்னாசியின் சலவைக் கல். பழுப்புத் தண்ணீரில் வெள்ளை வெளுக்க வேண்டுமே, அதனால் சோடா உப்பை அள்ளி அள்ளிப் போடுவான். அவனுக்குக் கீழேதான் நான் மொள்ள வேண்டும். விடிவதற்கு முன்னால் போகலாம் என்றால் ஊரடங்கு, விடிந்தால் அவன் கல்லில் நிற்பான்.

நான் மரியாதையாகத்தான் சொன்னேன். கல்லைக் கீழே இறக்கிப் போட்டுக்கொள், மேல் தண்ணீரை எனக்கு விடு என்றேன். கீழே சேறு ஐயா, துணி கறுத்துப் போகும் என்றான். மீனைப் பற்றி எடுத்துச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"மீனுக்கு நெறம் வந்தா என்ன, வராட்டி என்னங்கய்யா? தொரை சட்டைக்கு வெள்ளை வரணும்லா."

பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த அவன் மனைவி கலாவதியும் சிரித்தாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். எரிச்சல் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

சன்னாசியிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. அவன் அப்பன் கற்றுக்கொடுத்தது. வெளுக்க வரும் துணியின் பையில் பித்தான் கிடந்தாலும் சில்லறை கிடந்தாலும் ஒரு துணி மூலையில் முடிந்து வைத்து, உடையவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பான். லயத்தில் அவனைத் திருடன் என்று சொல்ல ஒரு நாய் கிடையாது.

துரை கப்பலுக்குப் போகும் அவசரத்தில் அழுக்குத் துணியைக் குவித்துவிட்டுப் போயிருந்தார். அதை அவன் ஒரு மாதிரி வெளுத்து முடித்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு நாள் ஆபீசுக்கு வந்து, மேசைக்கு எட்டி நின்று கையை விரித்தான்.

"தொரை கால்சட்டைப் பையில இது கெடந்துச்சுங்கய்யா. யாருகிட்ட குடுக்கிறது?"

கைத்துப்பாக்கித் தோட்டா. ஒன்றே ஒன்று. துரைமார் எல்லாருமே இப்போது துப்பாக்கியோடுதானே நடமாடுகிறார்கள்.

இந்த இடத்தை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். அனுமதியில்லாதவன் கையில் ஒரு தோட்டா இருந்தாலும் தூக்கு என்று சர்க்கார் நோட்டீஸ் வந்திருந்தது. அதைத் தமிழாக்கியவனே நான்தான். காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும்போது நானே உரக்கப் படித்தேன். டோபி பெரட்டுக்கு வருவதில்லை. அந்த நேரத்தில் அவன் ஓடையில் இருப்பான். ஆகையால் அவனுக்கு அது தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

"நீயே பத்திரமா வச்சிரு. தொரை வந்ததும் அவர் கையிலயே குடு," என்றேன்.

சரிங்கய்யா என்று முடிந்துகொண்டு போனான். அன்று சாயங்காலம் வேலி வாசலில் இருந்த போலீஸ் சார்ஜனிடம் டோபி வீட்டையும் ஒரு தடவை பார்ப்பது நல்லது என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வீண்பழி போடுகிற ஆள் நான் இல்லை.

சோதனையில் தோட்டாவைக் கண்டெடுத்து அவனைக் கோலா சிலாங்கூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த வெள்ளைக்கார அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க என்னையே கூப்பிட்டார்கள். சன்னாசி என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தான். தோட்டா துரையுடையது, கிராணி ஐயாதான் வைத்திருக்கச் சொன்னார், இதோ அவரே இருக்கிறார், கேளுங்கள் என்றான். துரையுடையது என்று இவன் சொல்கிறான், வீட்டில் வைத்திருந்ததையும் ஒப்புக்கொள்கிறான் என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். இரண்டும் அவன் சொன்னதுதான். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அப்படித்தான் நான் சொல்லையும் அளந்து போட்டேன்.

சீமையிலிருந்த துரைக்குத் தந்தி அடித்துக் கேட்டார்கள். தம் தோட்டாக்களைக் கண்ட இடத்தில் விட்டுவைக்கும் வழக்கம் தமக்கு இல்லை என்று பதில் வந்தது. துரை சொல்லை டோபி சொல்லோடு எந்தக் கோர்ட்டில் நிறுப்பார்கள்? தீர்ப்பு தூக்கு.

கல் காலியாகக் கிடந்தது. ஓடை தெளிந்தது. நான் ஆசையோடு மொண்டு மொண்டு ஊற்றினேன். மீன் வெளுத்தபடியே இருந்தது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். துரை போன கையோடு, தொட்டி மொட்டையாக இருக்கிறதே என்று கடற்கரைப் பக்கம் பாசிர் பெனம்பாங்கிலிருந்து வரும் மீன்காரனிடம் ஒரு கூடைச் சிப்பி வாங்கிப் பரப்பியிருந்தேன். பார்க்க நன்றாக இருந்தது. ஓடைத் தண்ணீரை ஒரு போத்தலிலும் தொட்டித் தண்ணீரை இன்னொன்றிலும் எடுத்துச் சவுக்காரம் போட்டுக் குலுக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஓடைத் தண்ணீர் பொங்கி நுரைத்தது. தொட்டித் தண்ணீர் நுரைக்காமல் திரிந்துபோய் நின்றது. சுண்ணாம்பு ஓடையில் இல்லை, என் சிப்பியில் இருந்தது. சன்னாசியின் சோடா வழியிலேயே கரைந்து போயிருக்கிறது போலும். அவனால் மீனுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை.

அப்பீல் நடந்துகொண்டிருந்த சமயம் அது. அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னவென்று சொல்வது, சாமி? அதிகாரிகள் ஒரு வேலையைத் தொடங்கிப் பாதிக்கு மேல் கொண்டுபோயிருக்கிறார்கள். அதன் குறுக்கே நாலு சிப்பியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கச் சொல்கிறீர்களா? நான் சிப்பிகளை எடுத்துக் கொட்டினேன். தண்ணீரை மெல்ல மெல்ல மாற்றினேன். காட்டு வாதுமைச் சருகு கொஞ்சம் ஊறப் போட்டேன். பொறுமைதான் வேண்டும். முதலில் முதுகு கறுத்தது. பிறகு வால் பக்கத்திலிருந்து புள்ளிகள் ஒவ்வொன்றாக நெருப்புத் துண்டுபோல் எழும்பின. நான் அழுதேன் என்றால் நம்புவீர்களா? துரை பார்த்தால் அசந்துபோவார் என்று நினைத்தேன்.

அப்பீல் தள்ளுபடியான பிறகு கலாவதி வந்தாள். நான் பங்களா வராந்தாவில் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். சத்தமில்லாமல்தான் பேசினாள். புருஷன் சிறையில் அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான்.

"நீங்கதான வச்சிருக்கச் சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தைய வந்து சொல்லுங்க. அவுக உசிரோட வந்துருவாங்க."

எனக்கு நினைவில்லை என்றேன். பிள்ளையைத் தரையில் உட்கார்த்திவிட்டு என் காலைத் தொட வந்தாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். நேரம் கடந்துவிட்டது, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன். அவள் எழுந்தாள். பிறகு கண்ணாடித் தொட்டியில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். மறுபடி அறைந்தாள். மீன் கட்டைக்குப் பின்னால் பாய்ந்து ஒடுங்கிக்கொண்டது. பயந்தால் அந்த மீன் வெளுத்துவிடும். என் கண்முன்னாலேயே புள்ளிகள் மங்கின.

போன வெள்ளிக்கிழமை காலையில் சன்னாசியைத் தூக்கில் போட்டார்களாம். மீன் இப்போது தேறிவிட்டது. பூசை முடிந்ததும் நீங்கள் பங்களாவுக்கு வந்து பார்க்கலாம்.

ஆனால் கலாவதி வந்த அன்று நான் நிதானம் இழந்துவிட்டேன், சாமி. கையில் பிள்ளையோடு வந்த ஒரு பெண்ணை வெளியே போடி என்று கத்திவிட்டேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததேயில்லை. அது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பாவத்துக்கு என்ன அபராதம் கொடுத்தாலும் செய்கிறேன். வேறு பாவம் எதுவும் எனக்கு நினைவில்லை.