தேங்காய் உடைஞ்ச சத்தம்

தனேஸ்வரன்: இல்ல மாமா, இந்த தடவ பின் ஆக்சில் இருக்கறதுலயே ஸ்ட்ராங்கானதா போடுங்க. யானைய கட்டி இழுத்தாலும் ஒடையக் கூடாது.

மகேந்திரன்: எதுக்கு மச்சான் அவ்ளோ பெருசு? பழைய மாதிரியே ஒன்னு போட்டுத் தரேன். போதும்லா.

தனேஸ்வரன்: எந்த ஊருல மாமா வண்டி ரிப்பேர் பண்ற பெங்கேல் வச்சிருக்கற ஆளு பெரிய வேல வேணாம்னு சொல்றான்?

மகேந்திரன்: ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். பின்னால பெருசா போட்டா காட்டு ரோட்டுல அடி தட்டும். கல்லு மேல ஏறி ஒக்காந்துக்கும்.

தனேஸ்வரன்: என் ஃபோர் வீலு வண்டி காட்டுக்கு மட்டுமா போவுது? வருஷா வருஷம் நம்ம எஸ்டேட்டு மாரியம்மன் ரதத்தையும் அதுதானே இழுக்குது?

மகேந்திரன்: உஸ்ஸ்... மெதுவா! ஒங்கக்கா சமையக்கட்டு ஜன்னல் தெறந்திருக்கு.

தனேஸ்வரன்: நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? ரதம்னுதானே...

மகேந்திரன்: ரதம்னு சொல்லு. ஆக்சில்னு சொல்லு. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லாத.

தனேஸ்வரன்: சரி, எப்ப ஒடஞ்சுச்சுன்னு கேட்டா என்ன சொல்லணும்?

மகேந்திரன்: திங்கக்கெழம. கோப்பேங் பக்கம். சேத்துல மாட்டிக்கிட்ட.

தனேஸ்வரன்: நேத்து நீங்க செவ்வாக்கெழம, கம்பார்னு சொன்னீங்க.

மகேந்திரன்: எதையாவது சொல்லு! ஞாயித்துக்கெழம மட்டும் வாயில வரக் கூடாது. ஞாயித்துக்கெழம ரதம் நம்ம வீட்டு வாசல்ல நின்னுச்சுல்ல, அது ஆத்தா நின்னது. வண்டி நிக்கல. புரியுதா?

தனேஸ்வரன்: புரியுது, புரியுது. வண்டி நின்ன ஒடனே பூசாரி பிச்சைமுத்துவுக்கு வந்த ஆட்டம் இருக்கே... 'இந்த வீட்டு மவ கையால ஆரத்தி வாங்காம நகர மாட்டேன்'னு!

மகேந்திரன்: அந்த மனுசனுக்கு நான் கோயில் கட்டணும்.

தனேஸ்வரன்: ஒரு மணி நேரம் கழிச்சு ட்ராக்டர் வந்து இழுத்ததும், 'ஆத்தா மனசு எறங்கிட்டா'ன்னு அவரே முடிச்சும் வச்சுட்டாரு.

மகேந்திரன்: நாலு மாசம், மச்சான். நாலு மாசமா ஒங்கக்கா எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. 'சோறு மேசையில இருக்குன்னு சொல்லு'ன்னு பூனைகிட்ட சொல்லுவா. 'சரின்னு சொல்லு'ன்னு நானும் பூனைகிட்ட சொல்லுவேன். பூன எளச்சே போச்சு.

தனேஸ்வரன்: பின்ன? மாவாட்டுற கிரைண்டர்லேர்ந்து மோட்டார கழட்டி, சேத்துலேர்ந்து வண்டிய இழுக்கற விஞ்சு செஞ்சா, யாருதான் பேசுவா?

மகேந்திரன்: அந்த விஞ்ச யாரு வண்டியில பூட்டுனேன்?

தனேஸ்வரன்: கிரைண்டர் மோட்டாருதான் வேணும்னு நான் கேட்டேனா? மொத தடவ இழுத்தப்பவே பொகஞ்சு போச்சு. சுத்தி நின்னவனுங்க எல்லாம் 'எங்கடா இட்லி வாசம் வருது'ன்னு தேடுறானுங்க.

மகேந்திரன்: அத விடு. அன்னிக்கு ரதம் நின்னதும் ஒங்கக்கா தட்டோட முன்னால வந்தா. ஆத்தாவ பாத்தா. அப்புறம்... என்ன பாத்தா. 'ஏங்க, கொடத்துல தண்ணி கொண்டு வாங்க'ன்னா. எனக்கு அழுகையே வந்துருச்சு மச்சான்.

தனேஸ்வரன்: நானும்தான் பாத்தேன். ... மாமா, ஒன்னு சொல்லட்டா? திட்டக் கூடாது.

மகேந்திரன்: சொல்லு.

தனேஸ்வரன்: பின்னால ஒடஞ்சா என்ன, முன் வீல போட்டிருந்தா ரதம் நவுந்திருக்கும். கியர் மேல கைய வச்சுட்டேன். அப்பதான் அக்கா ஒங்கள 'ஏங்க'ன்னு கூப்பிட்டுச்சு... கைய எடுத்துட்டேன்.

மகேந்திரன்: அந்தத் துணிய எடு மச்சான்.

தனேஸ்வரன்: என்ன மாமா?

மகேந்திரன்: ஒன்னுமில்ல. கண்ணுல கிரீஸ் பட்டுருச்சு.

தனேஸ்வரன்: ஆனா ஒன்னு, போன வருஷம் இந்த ஆக்சில பூட்டுறப்ப 'ஜப்பான் சாமான், கண்ண மூடிக்கிட்டு ஓட்டு'ன்னு சொன்னீங்க.

மகேந்திரன்: ஜப்பான்தானே?

தனேஸ்வரன்: மெங்லம்புல பழைய வண்டிய வெட்டி விக்கற பொத்தோங் கடையில, ஓட்ட வண்டியிலேர்ந்து கழட்டுனது! கடைக்காரனே சொல்லிட்டான்.

மகேந்திரன்: ஜப்பான் வண்டியதானே வெட்டுனான்? சத்தம் போடாதடா... ஆத்தா நிக்கல, ஆக்சில்தான் ஒடஞ்சுச்சு, அதுவும் நான் போட்ட ஆக்சிலுன்னு ஒங்கக்காவுக்கு தெரிஞ்சா அவ்ளோதான். இந்த தடவ பூனைகிட்டகூட பேச மாட்டா.

தனேஸ்வரன்: தலைவரு சதாசிவம் அண்ணன் எடுத்த வீடியோ கோயில் வாட்சப் குரூப்புல சுத்துதே. 'டக்'குன்னு நல்லா கேக்குது மாமா.

மகேந்திரன்: அது தேங்கா ஒடஞ்ச சத்தம்.

தனேஸ்வரன்: யாரு ஒடச்சா?

மகேந்திரன்: யாரோ! ரதம் வந்தா வீட்டுக்கு வீடு தேங்கா ஒடைக்கறாங்க, அதுல ஒன்னு. ஒங்கக்காவும் என்ன சத்தம்னு கேட்டா, இதான் சொன்னேன். 'ஓ'ன்னுட்டுப் போயிட்டா. நம்பிட்டா.

தனேஸ்வரன்: அதெல்லாம் சரி. அதுக்கும் ஸ்ட்ராங் ஆக்சில் போட மாட்டேன்கறதுக்கும் என்ன சம்பந்தம்?

மகேந்திரன்: அது... அடுத்த வருஷமும் ஆத்தா நம்ம வாசல்ல நின்னா நல்லா இருக்கும்லா...

தனேஸ்வரன்: அலாமாக்! மாமா!

மகேந்திரன்: ரொம்ப ஓட்டையா வேணாம் மச்சான். கரெக்டா நம்ம வாசல் வரைக்கும் தாங்குற மாதிரி...

தனேஸ்வரன்: நேத்து கோயில் மீட்டிங்ல தலைவரு சதாசிவம் அண்ணன் என்ன சொன்னாருன்னு தெரியுமா? அடுத்த வருஷமும் ஆத்தா அங்கயே நின்னா, அது அவ கேக்குற எடமாம். அங்கயே கோயில் கட்டணுமாம்.

மகேந்திரன்: எங்க?

தனேஸ்வரன்: இங்க. ஒங்க பெங்கேல்ல. பூசாரி காலடி வச்சு அளந்தே பாத்துட்டாரு. அந்த ஜாக்கி இருக்குல்ல? அதுதான் கருவறையாம்.

மகேந்திரன்: லோரி ஆக்சில் போடலாமா மச்சான்?

தனேஸ்வரன்: அப்படி வாங்க வழிக்கு! ஆனா லோரிது வேணாம். டயரு ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். நண்டு மாதிரி போவணும். உள்ள சுத்துற ஷாஃப்ட மட்டும் தடியா மாத்துனா போதாதா?

மகேந்திரன்: போதாது. ஷாஃப்டு தாங்கும், வெளிய இருக்கற ஹவுசிங் வளைஞ்சுரும். முழு செட்டா மாத்திருவோம், ஃபுல் ஃப்ளோட்டிங். வண்டி பாரத்த ஹவுசிங் தாங்கிக்கும், ஷாஃப்டு சுத்துற வேலைய மட்டும் பாக்கும். அப்படியே ஒடஞ்சாலும் டயரு கழண்டு ஓடாது.

தனேஸ்வரன்: முன்னால இருக்கற கியருக்கு ஒத்து வருமா?

மகேந்திரன்: ஒரே ரேஷியோவா பாத்துதான் எடுக்கணும். இல்லாட்டி முன் வீலு ஒரு வேகத்துல இழுக்கும், பின் வீலு ஒரு வேகத்துல இழுக்கும். நம்ம வீடு நாலு மாசம் ஓடுன மாதிரி.

தனேஸ்வரன்: ஹஹ்ஹா... புதுசுதானே? பொத்தோங் கடை இல்லியே?

மகேந்திரன்: ஆத்தா மேல சத்தியமா புதுசு. ஷாஃப்டுல பல்லும் பழசவிட கூட இருக்கணும். அந்த ஒடஞ்ச துண்ட எடு, எண்ணிப் பாப்போம். ரெண்டு துண்டையும் அந்த சாக்குக்கு கீழதான் ஒளிச்சு வச்சேன்.

தனேஸ்வரன்: இந்த சாக்கா?... ஒன்னுதான் இருக்கு.

மகேந்திரன்: நல்லா பாருடா!

தனேஸ்வரன்: ஒன்னுதான் மாமா. சின்னது. பல்லு இருக்கற பெரிய துண்ட காணோம்.

மகேந்திரன்: ஐயையோ... வண்டிக்கு அடியில உருண்டிருக்கும். குனி, குனி! அவ கண்ணுல பட்டா செத்தோம்...

தனேஸ்வரன்: டார்ச்சு அடிங்க... இங்க இல்ல... மாமா, அது என் காலு!

புஷ்பலதா: என்னத்த தேடுறீங்க, ரெண்டு பேரும் தரையில படுத்துக்கிட்டு?

மகேந்திரன்: ஸ்... ஸ்பேனரு!

தனேஸ்வரன்: பூன!

புஷ்பலதா: ஸ்பேனரா, பூனையா?

மகேந்திரன்: பூன... ஸ்பேனர தூக்கிட்டுப் போயிருச்சு, லதா.

புஷ்பலதா: பூன என் காலடியிலதான் நிக்குது. எந்திரிங்க, டீ ஆறுது. ... தம்பி, வண்டி என்னைக்குடா ஒடஞ்சுச்சு?

தனேஸ்வரன்: திங்கக்கெழம கா.

மகேந்திரன்: செவ்வாக்கெழம.

புஷ்பலதா: ஓ. ... தம்பி, ஒங்க மாமாகிட்ட சொல்லு...

மகேந்திரன்: ஐயோ, மறுபடியுமா! எங்கிட்டயே சொல்லு லதா! என்ன வேணா திட்டு, எங்கிட்டயே திட்டு! புது கிரைண்டர் இன்னிக்கே ஈப்போ போயி வாங்கிட்டு வாரேன்!

புஷ்பலதா: பதறாதீங்க, ஒங்ககிட்டயே சொல்றேன். ஸ்ட்ராங்கான ஆக்சிலாவே போடுங்க. நான் பேசறதுக்கு ரதம் நிக்கணும்னு ஒன்னும் இல்ல. நாலு மாசமா எனக்கும் பேச வாய் நமநமன்னுச்சு, நானா எறங்கி வர ரோஷம் விடல. 'டக்'குன்னு கேட்டப்ப நம்ம வாசல்ல தேங்கா வச்சிருந்தது நான் ஒருத்திதான்... அது முழுசா என் கையிலதான் இருந்துச்சு. இன்னும் ஒடைக்கல. நீங்க தேடுற துண்டு அந்தத் தேங்கா பக்கத்துல, சாமி மேடையில இருக்கு. ரெண்டுக்கும் பொட்டு வச்சிருக்கேன், போய்க் கும்பிட்டுட்டு வந்து டீயக் குடிங்க.