நாப்பத்தேழுல முடியுற நம்பர்

இல்ல சார், எனக்கு ஒண்ணும் வரல. இந்தா பாருங்க, செல்போன டேபிள் மேலதான வச்சிருக்கேன். ஆபீஸ்ல ரெக்சன் சார்ட்ட இன்னொரு மட்டம் ஓடிபி அனுப்பச் சொல்லுங்க. ஆனா அவசரப்பட்டு சும்மா சும்மா அமுக்கச் சொல்லாதிய, பூட்டிக்கிடும். அப்புறம் நாளைக்குத்தான் தொறக்கும்.

அதுக்குள்ள டீயக் குடிங்க. கருப்பட்டி டீ. உடன்குடியில எங்க மதினி வீட்டுலருந்து குடுத்துவிட்ட கருப்பட்டி. சுகர் இருக்கா? சரி, அரைக் கப்பு குடிங்க, ஒண்ணும் செய்யாது. கரஸ்பாண்டன்ட் சார் காரு நம்ம வாசல்ல நிக்குன்னு தெருவே எட்டிப் பாக்கு. இத்தன வருசம் உங்க ஸ்கூல்ல வேல பாத்திருக்கேன், எங்க வீட்டுக்காரர் எறந்ததுக்குக்கூட ஒரு மாலையத்தான் குடுத்துவிட்டிய. யானைக்கொரு காலம், பூனைக்கொரு காலம். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், குடிங்க.

டெல்லியிலருந்து அவார்டு கமிட்டிக்காரவ எப்ப வாராவ? ரெண்டு மணிக்கா. நேரம் கெடக்கு.

ஏன் சார், ஆபீஸ் கம்ப்யூட்டர பார்மட் அடிக்கதுக்கு முன்னால என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? என்ன வெளிய அனுப்பின பெறவும் நான் பாட வீடியோ போட்டு வச்ச அந்த வெப்சைட்டு அங்கன தொறந்தேதான கெடந்துச்சு, நீங்களும் உங்க சொத்து மாரி ஆண்டு அனுபவிச்சிய. விருந்தாளி வாராவன்னு வீட்டுக்கு வெள்ளையடிச்சதுல சாவியையும் சேத்து அள்ளிக் குப்பையில போட்டாச்சு. பாஸ்வேர்டு இருக்கு, அது போதும்னு நெனச்சிட்டிய. அது ஓடிபி கேக்கு. நாப்பத்தேழுல முடியுற நம்பருக்கு அனுப்பிட்டேன்னு சொல்லுது. உடனே உங்களுக்கு இந்த ஜெயஷீலா டீச்சர் ஞாபகம் வந்திருச்சு.

அவார்டு பேப்பர்ல அதுக்கு நீங்க வச்ச பேர நானும் பாத்தேன். பெர்சனல் லேர்னிங் என்விரான்மென்ட்டு. பேரு நல்லாத்தான் இருக்கு. நான் அஞ்சறைப் பெட்டின்னுதான் சொல்லுவேன். கடுகுக்கு ஒரு அறை, சீரகத்துக்கு ஒரு அறைன்னு கை போற எடத்துல எல்லாம் இருக்கணும்லா, அதான். கொரோனா முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்தப்ப எல்லாரும் மாஸ்க்கப் போட்டுக்கிட்டு நின்னோம். காது சரியாக் கேக்காத பிள்ளை ஒண்ணு, அதுவரைக்கும் நம்ம உதட்டப் பாத்தே புரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. ஒருத்தருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. மாஸ்க்கப் போட்டதும் அதுக்கு எல்லாம் அடைச்சுப் போச்சு.

அந்த மாரிப் பிள்ளைக்கு எப்பிடிப் பாடம் நடத்தணும்னு பி.எட்ல யாரும் சொல்லித் தரல. நானா யூடியூப்ல தேடித் தேடி நல்லதாப் பொறுக்கி ஒரு அறையில வச்சேன். காது கேக்காத பிள்ளையளுக்குப் பாடம் எடுக்குற டீச்சர்மாரு குரூப்பு ஒண்ணு ஒரு அறையில. யாழ்ப்பாணத்துல ஒரு சார் இருக்காரு, மொகத்தக்கூடப் பாத்ததில்ல, எப்ப கேட்டாலும் படம் போட்டு வெளக்குவாரு. ஆன்லைன் கோர்ஸ் ஒண்ணு படிச்சேன். பெறவு நானே என் வாய் நல்லாத் தெரியுற மாரி பாடத்த வீடியோ எடுத்து, அடியில எழுத்து ஓட விட்டேன். எழுத்து தானா வரும், ஆனா தப்பும் தவறுமா வரும். ஒக்காந்து வரி வரியாத் திருத்துவேன். கண்ணுல தண்ணி வடியும். எல்லாத்தையும் ஒரே எடத்துல சேத்து வச்சேன், அதான் உங்க என்விரான்மென்ட்டு.

எந்தப் பிள்ளையா? விஜிலா சார். தெரேஸ்புரம் பிலோமி மக. மறந்து போச்சா? மறந்திருந்தா இங்கன வந்து ஒக்காந்திருக்க மாட்டிய. ஒவ்வொரு வீடியோவும் விஜிலா, என் வாயப் பாருன்னுதான ஆரம்பிக்கும்? கமிட்டிக்காரவ, யாரு அந்த விஜிலா, கூப்பிடுங்க பாப்போம்னு கேட்டா? அதனால அவ பேர வெட்டி எறிஞ்சிட்டு ஸ்கூல் பேர ஒட்டணும். உள்ள போகணும்னு தவிக்கது அதுக்குத்தான. நான் பச்சப்பிள்ள இல்ல சார்.

ஒம்பதாங்கிளாஸ் முடிஞ்ச கையோட அவளுக்கு டிசி எழுதிட்டிய. பத்தாவது ரிசல்ட்டு நூத்துக்கு நூறு வரணும், பஸ் ஸ்டாண்டுல பிளக்ஸ் வைக்கணும். டிசிய வேண்டாம்னு சொல்லிக் கெஞ்ச, பிலோமி காலையிலருந்து கேட்டுக்கு வெளிய நின்னா. வாட்ச்மேன் விடல. பொறவு நான்தான் ரெண்டு பேரையும் உங்க ரூமுக்குக் கூட்டிட்டு வந்தேன். நீ பத்தாவது பாஸாயிருவியான்னு விஜிலாட்ட கேட்டிய. குனிஞ்சு செல்போனப் பாத்துக்கிட்டே கேட்டிய. அவ உங்க உச்சந்தலையப் பாத்துக்கிட்டு நிக்கா. பாவம், எதுவோ கேக்காருன்னு மட்டும் தெரியுது, என்ன கேக்காருன்னு தெரியல. பாத்தியளா டீச்சர், கேட்டதுக்கு வாயத் தொறக்கத் தெரியல, இத வச்சுக்கிட்டு நான் என்ன செய்யன்னிய. சார், நிமிந்து கேளுங்க, சொல்லுவான்னு நான் சொன்னேன். நீங்க பெல்ல அடிச்சு அடுத்த ஆள வரச் சொன்னிய.

அன்னைக்கு மனசுல வச்சது. எறக்கி வைக்கணும்னு பாத்தேன் சார், பொய் சொல்லல. நாசரேத்து சர்ச்சுல போயி முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன். எறங்கல. ஆனாலும் மத்த பிள்ளையளும் அந்த வீடியோவப் பாக்குதேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு வேலையில இருந்தேன். போன வருசம் அத அவார்டுக்கு அனுப்பும்போது எம் பேர எடுத்துட்டு உங்க மருமவ பேரப் போட்டிய. ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையே. ஏன்னு கேட்டதுக்கு, நாளைலருந்து வரவேண்டாம்னுட்டிய.

போன் அடிக்கே, எடுங்க. ரெக்சன் சாரா? என்னவாம்? திரும்பவும் அனுப்பியாச்சா?

எனக்கு வராது சார். வந்த உடனேயே வரலன்னுதான சொன்னேன், நீங்கதான் டவர் இல்ல போலன்னிய. எங்கிட்ட ரெண்டு சிம் இருக்கு, ரெண்டும் நாப்பத்தேழுல முடியாது. அது விஜிலா நம்பர். நான் மொதமொத இதுக்கு அக்கவுண்ட் எடுக்கப் போனப்ப, என் நம்பர்ல ஏற்கனவே நெறைய எடுத்தாச்சு, இனி முடியாதுன்னு சொல்லிருச்சு. அதான் விஜிலா வீட்டு போன் நம்பரக் குடுத்தேன். இப்ப அந்த போன் அவ கையில. அவளுக்குன்னு செஞ்ச பெட்டி, சாவியும் அவகிட்டயே இருக்கட்டும்னு நான் மாத்தல.

அவளா? ஹார்பர் பக்கம் எறால் கம்பெனியில பேக்கிங்ல நிக்கா. பத்தாவத தனியாப் பரிச்ச எழுதிப் பாஸாயிட்டா சார், அந்த வீடியோவப் பாத்தே. இப்ப பன்னெண்டாவதுக்குப் படிக்கா. போன் அடிச்சா எடுக்க மாட்டா. உள்ள போகும்போதே போன வாங்கி லாக்கர்ல போட்டுருவாவ, சாயந்தரம் ஷிப்ட் முடிஞ்சாத்தான் கையில குடுப்பாவ. நீங்க அனுப்பின ஓடிபி எல்லாம் லாக்கருக்குள்ள கெடந்து நேரம் முடிஞ்சு செத்துப் போயிருக்கும்.

ஆமா, எனக்கு சந்தோசமாத்தான் இருக்கு. எதுக்கு மறைக்கணும்? கமிட்டிக்காரவ வந்தா தாராளமாப் போட்டுக் காட்டுங்க. பாக்கதுக்கு ஓடிபி வேண்டாம், மாத்தத்தான் வேணும். விஜிலா, என் வாயப் பாருன்னு நான் சொல்லுவேன். அவ எங்கன்னு அவ்வோ கேப்பாவ. பதில நீங்களே சொல்லிக்கிடுங்க.

எந்திரிச்சிட்டியளா? டீ அப்பிடியே இருக்கே. கார் ரிவர்ஸ் எடுக்கும்போது பாத்து, பின்னால சாக்கடை.

அவதான் வேணும்னா சாயந்தரம் கம்பெனி கேட்டுக்குப் போங்க. வாட்ச்மேன் உள்ள விட மாட்டான், வெளியதான் நிக்கணும், பிலோமி நின்னால்லா அந்த மாரி. ஓடிபி தருவாளா மாட்டாளான்னு எனக்குத் தெரியாது, அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லவும் மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சார். வந்ததுலருந்து கப்பப் பாத்தே எங்கிட்ட பேசிக்கிட்டு இருந்திய. இப்பிடிப் பேசினா அவளுக்கு ஒண்ணும் வெளங்காது. நிமிந்து, அவ மொகத்தப் பாத்து, மெதுவாக் கேளுங்க.