பட்டி பார்த்த தூண்

சுவரில் ஆணி அடிக்கும்போது முதல் அடி மெதுவாக விழ வேண்டும், சார். ஆணி சுவரைக் கொஞ்சம் பிடித்துக்கொண்ட பிறகுதான் கையை ஓங்க வேண்டும். தலை நரைத்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. சொல்லிக் கொடுத்தவர் என் மாமனார். அவர் எப்போது சொன்னார் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் வளவளவென்று பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள், என் பிழைப்பே அப்படி.

ஜன்னல் திரை தைக்கும் கடையில் நான் அளவெடுக்கிற ஆள். வீடு வீடாகப் போவேன், ஜன்னலை அளப்பேன், துணி மாதிரிகளை விரித்துக் காட்டுவேன், கொசுவம் நெருக்கமாக வேண்டுமா தளர்வாக வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வருவேன். கடையில் எனக்குப் பட்டப்பெயரே கொசுவம். எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்டேன். ஒருத்தர் கூடம் முழுக்கப் பீங்கான் தட்டாக மாட்டி வைத்திருப்பார். ஒரு அம்மா வீட்டில் தலையணை உறையிலிருந்து குப்பைக்கூடைவரை எல்லாமே ஊதா. பார்க்கக் கண்றாவியாகத்தான் இருக்கும். ஆனால் அது அவர்களே ஆசைப்பட்டுத் தேடிக்கொண்ட கண்றாவி. எனக்கு வயிறு எரியும். ஊருக்கெல்லாம் நிறம் சொல்கிற எனக்கு, என் வீட்டில் துண்டு காயப்போடும் கொடியை இடம் மாற்றக்கூட உரிமை இல்லை.

என் வீடு என்றா சொன்னேன்? வாய் தவறிவிட்டது. நான் வீட்டோடு மாப்பிள்ளை.

மாமனார் கட்டட கான்ட்ராக்டர். அந்த வீட்டைப் பக்கத்திலேயே நின்று செங்கல் செங்கலாகக் கட்டியவர். மனிதரைக் குறை சொல்ல முடியாது. சாப்பிட உட்கார்ந்தால் எனக்குப் பரிமாறிய பிறகுதான் தன் தட்டை இழுத்துக்கொள்வார். யாரிடம் பேசினாலும் 'நம்ம வீடு' என்பார். ஆனால் பேச்சு சுவருக்கு வந்துவிட்டால் அது 'என் சுவர்' ஆகிவிடும்.

கல்யாணமான புதிதில் நடைபாதையில் ஒரு படம் வாங்கி வந்தேன். ஆற்றில் ஒரு படகு. மட்டமான படம்தான், மறைப்பானேன். படகின் நிழல் இரண்டு பக்கமும் விழுந்திருக்கும். சூரியன் எந்தப் பக்கம் என்று வரைந்தவனுக்கே சந்தேகம். இருந்தாலும் எனக்கே எனக்கென்று பிடித்துப்போய் நான் வாங்கிய முதல் பொருள் அது. மாமனார் கையில் வாங்கிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்.

"ஆணி மட்டும் வேணாம் மாப்பிள்ளே. பூச்சு விட்டுரும். என் சுவர் அது, எனக்குத் தெரியும்."

படம் கட்டிலுக்கு அடியில் போனது. வருஷக்கணக்காக அங்கேயே கிடந்தது. மனைவி பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் படகில் இடிக்கும் சத்தம் கேட்கும். அன்றைக்கே நான் இரண்டு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் இன்றைக்கு உங்கள் நேரம் வீணாகியிருக்காது. ஆனால் எனக்குச் சண்டை போட வராது. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியே பழகிவிட்டேன்.

அந்தக் கூடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுவரெல்லாம் பச்சை. ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறைக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சை. பழுப்பு ரெக்ஸின் சோபா, எப்போதும் முந்தி ஓடும் கடிகாரம், நடுவில் ஒரு தூண். தூணில் நெஞ்சளவு உயரத்தில் சின்னதாக ஒரு பள்ளம். வீடு கட்டும்போது பூச்சு ஈரமாக இருந்த நேரத்தில் மாமனார் கட்டை விரலை வைத்து அழுத்தியது. தாண்டிப் போகும்போதெல்லாம் விரலை அதில் ஒரு தடவை வைத்து எடுப்பார். என் மனைவியும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான். நான் வைத்ததில்லை. எனக்கு அது பூசும்போது விட்டுப்போன குறையாகத்தான் தெரிந்தது.

பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார், அப்புறம் ஆட்களின் பெயரைத் தேடினார், கடைசியில், என்றோ இறந்துபோன மாமியாரை அடுக்களையில் தேட ஆரம்பித்தார். என் மனைவிக்கு பஸ் டிப்போவில் வேலை, நினைத்தபோது லீவு கிடைக்காது. டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார்.

"இவருக்கு மூளை விட்ட இடத்தை வீடு பிடிச்சுக்கிட்டிருக்கு. சோபா, கடிகாரம், சுவர் நிறம், எதையும் மாத்தாதீங்க. வீடு மாறிச்சுன்னா இவர் தொலைஞ்சு போயிடுவார்."

தெளிவாகத்தான் சொன்னார். எனக்கும் காது நன்றாகத்தான் கேட்டது. ராத்திரி மனைவி கேட்டபோது, வீட்டில் கொஞ்சம் மாற்றம் செய்தால் அவர் மனசுக்குத் தெம்பாக இருக்குமென்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை சார். அளவெடுக்கப் போகும் இடத்தில், இந்தத் துணி வெளுக்காது என்று சொல்வேன் இல்லையா, அப்படி இயல்பாக வந்தது. அவள் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்காக நீங்க இவ்வளவு மெனக்கெடுறீங்களே என்றாள். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.

வேலையை ஒரேயடியாகச் செய்யவில்லை. எனக்கும் பொறுமை உண்டு. முதலில் திரைகள். தடித்த துணி, உள்ளே லைனிங், நெருக்கமான கொசுவம். நான் அளவெடுத்துத் தைக்கக் கொடுத்ததிலேயே அதுதான் உச்சம். ஜன்னலுக்கு வெளியே மாமனார் தினமும் பார்த்துக்கொண்டிருந்த மின்கம்பமும் எதிர்வீட்டு மொட்டை மாடியும் அதோடு மறைந்தன. அவர் திரையை விலக்கப் பார்ப்பார். வெயில் பட்டால் துணி வெளுத்துவிடும் மாமா என்று நான் திரும்பவும் இழுத்து விடுவேன். அடுத்து சோபா போனது, சாம்பல் நிறத்தில் புதிது வந்தது. கடிகாரம் போனது, அதன் இடத்தில் எதுவும் வரவில்லை. வெறும் இடம் விடுவதும் ஒரு ரசனை என்று ஒரு வாடிக்கையாளர் வீட்டில் கற்றுக்கொண்டிருந்தேன். கடைசியாகப் பச்சை போய் சுவரெல்லாம் தந்த நிறம் ஆனது. அவர் படுக்கும் அறையையும் மாற்றினோம், காற்றோட்டத்துக்காக.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் போனில் போட்டோ காட்டினேன். தையல்காரர் மட்டும், உன் வீடு இன்னும் விற்காத ஃபிளாட் மாதிரி இருக்குய்யா என்றார். அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்த வீட்டில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கும் தெரியவில்லை. நான் பார்த்து ஏங்கிய வீடுகளிலிருந்தெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் திருடி ஒட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

மாமனாரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. மரியாதை கூடியது. செருப்பை வாசலுக்கு வெளியே விட ஆரம்பித்தார். சோபாவின் நுனியில் உட்காருவார். காப்பி கொடுத்தால், உங்களுக்கு எதுக்கு சிரமம் என்பார். ஒருநாள் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்லா வச்சிருக்கீங்க தம்பி என்றார். மாப்பிள்ளை என்று சொல்லவில்லை, தம்பி என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்தில் என்னை வீட்டுக்காரனாகப் பார்த்த முதல் ஆள் அவர்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்தது. நன்றி என்றேன்.

ஆனால் எழுந்து நடக்கும்போது கை தானாகத் தூணுக்குப் போய்விடும். கட்டை விரல் அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்துவிடும். உடனே முகம் தெளியும், தோள் தளரும், நிமிர்ந்து நிற்பார். "நம்ம வீடுதான்" என்பார். என்னைப் பார்த்து, என்ன மாப்பிள்ளே கடைக்குப் போகலையா என்று அதட்டலாகக் கேட்பார். நான் மாதக்கணக்காகப் பார்த்த வேலையெல்லாம் அந்த ஒரு விரலால் வீணாகிவிடும்.

பெயிண்டர் அந்தப் பள்ளத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார். என் மனைவி சொல்லி வைத்திருக்கிறாள். அவள் வேலைக்குப் போன ஒரு மத்தியானம், மாமனார் தூங்கிக்கொண்டிருந்தபோது நானே பட்டியைக் குழைத்து அடைத்தேன். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பெயிண்டும் தொட்டுவிட்டேன். எங்கே பள்ளம் இருந்தது என்று எனக்கே தெரியாத அளவுக்கு வழவழவென்று வந்தது. கைத்தொழிலே தெரியாதவன் என்று என்னை நானே குறைத்துச் சொல்லிக்கொள்வேன். அன்றைக்கு அப்படி இல்லை.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். பின்பக்கத்துப் புது மனைகளில், கட்டி முடிக்காத ஒரு வீட்டின் கீழே மாமனார் கிடந்ததை மறுநாள் காலை காவலாளி பார்த்தார். கைப்பிடிச் சுவர் இன்னும் வைக்காத மாடி. நீங்கள்தான் வந்து விசாரித்தீர்கள். நான் குளித்துக்கொண்டிருந்ததாகவும், வெளியே வந்து பார்த்தபோது வாசல் கதவு திறந்து கிடந்ததாகவும் சொன்னேன். அவர் வெளியே போய்விடுவார் என்பதால் கதவை எப்போதும் பூட்டித்தான் வைப்போம். சாவி இரண்டுதான், என்னிடம் ஒன்று, மனைவியிடம் ஒன்று. அன்றைக்குக் கடைசியாக வெளியே போனவள் அவள். பூட்டியிருக்கிறாள். ஆனால் உங்கள் முன்னாலேயே, நான்தான் பூட்டாமப் போயிட்டேன் போலிருக்கு என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். எல்லாரும் எனக்கு நல்ல மனசு என்றார்கள்.

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. திரும்பத் திரும்பப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறாள். இன்று காலை தூணில் கை வைத்துத் தடவினாள். திரும்பத் தடவினாள். இதை யாருங்க அடைச்சது என்று கேட்டாள். பெயிண்டராக இருக்கும் என்றேன். அடுக்களைக்குப் போய் ஒரு கரண்டி எடுத்து வந்து சுரண்ட ஆரம்பித்தாள். தப்பான இடத்தில் சுரண்டுகிறாள் சார். பள்ளம் இன்னும் மேலே. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பெயிண்ட் பாழாகிறதே என்றுதான் எழுந்து வந்தேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சரி, ஆணி விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டி பார்த்ததற்கு மறுநாள் மத்தியானம். மனைவி பூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் குளிக்கவெல்லாம் இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து படகைத் தூசி தட்டி எடுத்தேன். கூடத்தில், கடிகாரம் இருந்த சுவரில், ஸ்டூல் போட்டு ஏறி ஆணியை வைத்தேன். அடித்த அடியில் ஆணி வளைந்து கீழே விழுந்தது. சோபா நுனியில் உட்கார்ந்திருந்த மாமனார் எழுந்து வந்தார். பூச்சு விட்டுரும் என்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு ஒரு பதில்கூட வைத்திருந்தேன், வருஷக்கணக்காகத் தயார் செய்த பதில்.

"முதல் அடி மெதுவா, தம்பி. ஆணி பிடிச்சுக்கட்டும். அப்புறம் அடிங்க" என்றார்.

அப்படியே செய்தேன். பிடித்துக்கொண்டது. அலமாரியில் கிடந்த தன்னுடைய ரசமட்டத்தை அவரே எடுத்து வந்து படத்தின் மேல் வைத்தார். கண்ணைச் சுருக்கிக் குமிழியைப் பார்த்து, இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்க என்றார். தூக்கினேன். குமிழி நடுவில் நின்றது. அழகா இருக்கு தம்பி என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். கை தூணுக்குப் போனது. கட்டை விரல் மேலே போனது, கீழே வந்தது, பக்கத்தில் போனது. ரொம்ப நேரம் தேடினார். நான் ஸ்டூலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார், அடுத்தவர் வீட்டுச் சுவரை அழுக்காக்கிவிட்டவர் போல.

"இது யாரு வீடு தம்பி?" என்று கேட்டார்.

"என் வீடு" என்றேன்.

"தப்பா நினைச்சுக்காதீங்க, ரொம்ப நேரம் உட்கார்ந்துட்டேன். நான் கிளம்பறேன். பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும், வீட்ல யாரும் இல்ல."

நான் ஸ்டூலை விட்டு இறங்கினேன். சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். வீட்டுக்கு வந்தவரை வாசல்வரை போய் அனுப்பி வைப்பதுதானே முறை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தார். நல்லா இருங்க என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு என்னிடம் ஒன்று கேட்டார். பச்சைப் பெயிண்ட் அடித்த வீடு, அவரே கட்டியது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று.

புது மனைகள் இருக்கும் பக்கம் கையைக் காட்டினேன். அங்கே எந்த வீடும் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு ஜன்னலுக்குக்கூட இன்னும் அளவெடுக்கக் கூப்பிடவில்லை.

வழி தவறிப் போய் விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள், சார். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவர் வழி தவறவில்லை. என்னிடம் கேட்டுக்கொண்டுதான் போனார்.